வாரப் பட்டியலைப் பார்த்து வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

வாரக் கடைசியானால் இணையதளங்களில் ஒரு பட்டியல் வந்துவிடும். புதிதாக வந்த போன், பார்க்க வேண்டிய தொடர், விலை குறைந்திருக்கும் ஹெட்போன், கூடவே எதற்கென்று தெரியாவிட்டாலும் பார்த்ததும் பிடித்துப்போகிற ஒரு குட்டிக் கருவி. எனக்கு இந்தப் பட்டியல்கள் ரொம்பப் பிடிக்கும், நம் நேரத்தை நிறைய மிச்சப்படுத்துகின்றன. ஆனால் படிப்பவர்கள் பலரும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த வாரம் என்ன வந்தது என்று மட்டும்தான் பட்டியலுக்குத் தெரியும். பல நேரம் எழுதுபவர் அந்தப் பொருளைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார், நிறுவனம் அனுப்பிய அறிவிப்பை வைத்து நாலு வரி எழுதியிருப்பார். அந்த நாலு வரியைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு உடனே பணத்தைக் கட்டுவதுதான் முதல் தவறு, மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவை.

ஹியூமேன் ஏஐ பின் ஞாபகம் இருக்கிறதா? சட்டையில் மாட்டிக்கொள்ளும் சின்னக் கருவி, போனுக்கு மாற்று என்றார்கள். விற்பனைக்கு வருவதற்கு முன்பே டைம் இதழின் 2023 சிறந்த கண்டுபிடிப்புகள் பட்டியலில் இடம் பிடித்துவிட்டது. 2024 ஏப்ரலில் கைக்கு வந்த பிறகுதான் பதில் சொல்லத் தாமதிக்கிறது, சூடாகிறது, பேட்டரி நிற்கவில்லை என்று விமர்சகர்கள் எழுதினார்கள். 2025 பிப்ரவரி 28-ம் தேதி சர்வரை நிறுத்தினார்கள், அன்றோடு கருவியின் முக்கிய வேலைகள் எல்லாம் போயின. வாங்கி 90 நாளுக்குள் இருந்தவர்களுக்கு மட்டும் பணம் திரும்பக் கிடைத்தது. காரில் பாட்டுக் கேட்க ஸ்பாட்டிஃபை விற்ற கார் திங் கருவியும் இப்படித்தான், 2024 டிசம்பரில் நிறுவனமே அதைச் செயலிழக்க வைத்தது. அதனால் புதுக் கருவி எதைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, நிறுவனத்தின் சர்வர் நாளைக்கு நின்றுபோனால் இது என்ன வேலை செய்யும் என்பதுதான். ஒன்றும் செய்யாது என்றால், குறைந்தது சில மாதங்களாவது பொறுங்கள்.

அடுத்தது விலை. கோடு போட்டு அடித்த பெரிய தொகை, அதற்குக் கீழே சின்னத் தொகை, பக்கத்தில் 60% தள்ளுபடி என்று சிவப்பு எழுத்து. அடித்திருக்கும் அந்தத் தொகைக்கு அந்தப் பொருள் என்றைக்காவது விற்றதா என்று யாரும் பார்ப்பதில்லை. சில கடைகள் சலுகைக்குக் கொஞ்சம் முன்னால் விலையை ஏற்றிவிட்டுப் பிறகு இறக்கும். இதைத் தடுக்கத்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில், தள்ளுபடி என்று அறிவித்தால் அதற்கு முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அமேசானில் வாங்குவதாக இருந்தால் கீப்பா, கேமல்கேமல்கேமல் போன்ற தளங்களில் ஒரு பொருளின் பழைய விலைகளை வரைபடமாகவே பார்க்கலாம், எல்லா நாட்டுக் கடைக்கும் இருக்காது என்றாலும் இருக்கிற இடத்தில் ஒரு நிமிட வேலை.

விமர்சனங்களைப் படிக்கும்போது நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள். பழைய பொருளுக்கு வந்த விமர்சனங்களை அப்படியே வைத்துக்கொண்டு அதே பக்கத்தில் வேறு பொருளை விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். இயர்போன் பக்கத்தில் கீழே இறங்கிப் படித்தால், ‘என் போனுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது, ஓரம் மட்டும் சீக்கிரம் அழுக்காகிறது’ என்று போன் கவரைப் பற்றி யாரோ எழுதியிருப்பார். மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களை முதலில் படியுங்கள். நல்லதையும் கெட்டதையும் சேர்த்துச் சொல்வது பெரும்பாலும் அவர்கள்தான்.

இப்போது அட்டைப்பெட்டியில் இருக்கும் எண்கள். மக்கள் அதிகமாக ஏமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பவர் பேங்கில் 20,000 எம்ஏஎச் (பேட்டரி எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்பதைச் சொல்லும் அளவு) என்று போட்டிருந்தால், போனில் 5,000 எம்ஏஎச் பேட்டரி இருக்கிறது, நாலு முறை ஏற்றலாம் என்று கணக்குப் போடுகிறோம். அந்த 20,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் அளந்தது. போனுக்கு 5 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும்போது அது 14,800 ஆகிவிடும், மாற்றும்போது சூடாகி வீணாவதையும் கழித்தால் இன்னும் குறையும். நிறைய பெட்டிகளில் பின்பக்கம் பொடி எழுத்தில் உண்மையாகக் கிடைக்கும் அளவையும் போட்டிருப்பார்கள், பார்க்க வேண்டியது அதைத்தான். விமானத்தில் போகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வழக்கமான வரம்பு 100 வாட் அவர் (எம்ஏஎச்சை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வரும் அளவு), 20,000 எம்ஏஎச் என்பது 74 வாட் அவர்தான், அதனால் பிரச்சினை இல்லை. 30,000 என்றால் 111 ஆகிவிடும், விமான நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் கொண்டுபோக முடியாது. எந்த அளவாக இருந்தாலும் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது.

மெமரி கார்டு இதைவிட மோசம். நம்பவே முடியாத விலையில் 1 டிபி கார்டு கிடைக்கிறது என்றால், உள்ளே இருப்பது 32 அல்லது 64 ஜிபியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கணினியில் செருகினால் 1 டிபி என்றே காட்டும், ஏனென்றால் அப்படிப் பொய் சொல்லும்படி கார்டை இயக்கும் உள் சிப்பான கன்ட்ரோலரை மாற்றி எழுதியிருப்பார்கள். படங்களைப் போட்டுக்கொண்டே போகலாம், எல்லாம் ஏறுவது போலவே தெரியும். உண்மையான இடம் தீர்ந்த பிறகு புதியது பழையதன் மேல் எழுதப்படும், அல்லது எங்கேயும் எழுதப்படாமலே போகும். கோப்பின் பெயர் மட்டும் வரிசையாக நிற்கும், திறந்தால் ஒன்றும் வராது. ஒரு பயணத்தின் மொத்தப் படங்களும் இப்படிப் போய்விடலாம். எந்தக் கார்டு வாங்கினாலும் முதலில் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டுப் பாருங்கள். முழு இடத்தையும் நிரப்பிப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். ஆனால் 1 டிபி டிரைவ் விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டினால் பயப்பட வேண்டாம். நிறுவனம் ஆயிரத்தால் எண்ணுகிறது, விண்டோஸ் 1,024-ஆல் எண்ணுகிறது, அவ்வளவுதான்.

யூஎஸ்பி-சி கேபிள் எல்லாம் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்று நொடிக்கு 480 மெகாபிட்தான் கடத்தும், இன்னொன்று 10 ஜிகாபிட்டுக்கு மேல் போகும். ஐபோன் 15 ப்ரோ 10 ஜிகாபிட் வரை தாங்கும், ஆனால் பெட்டியில் கூடவே வந்த கேபிள் பழைய 480 வேகம்தான். சாதாரணக் கேபிள் 60 வாட் வரை மின்சாரம் தரும், பெரிய லேப்டாப்புக்கு 100 அல்லது 240 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

தள்ளுபடியில் போன வருடப் போன் வாங்குவது நல்ல யோசனைதான், நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் சில போன்களுக்கு நிறுவனம் தரும் ஏழு வருட அப்டேட் என்பது நீங்கள் வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை. கூகுளின் பிக்சல் 8 போன் வந்தது 2023 அக்டோபரில், அதனால் எப்போது வாங்கினாலும் அப்டேட் 2030 அக்டோபர் வரைதான்.

சரி, படம், தொடர், கேம் பக்கம் வருவோம். டிரெய்லர் என்று பகிரப்படுவதில் நிறைய, பழைய படக் காட்சிகளையும் ஏஐ படங்களையும் ஒட்டி ரசிகர்கள் செய்தது. பகிர்வதற்கு முன் தயாரிப்பு நிறுவனத்தின் சேனலில் இருக்கிறதா என்று பாருங்கள், போதும். கேமை முன்பதிவு செய்வதில்தான் பணம் போகிறது. டிஜிட்டலாக வரும் கேம் எந்தக் காலத்திலும் விற்றுத் தீராது, பிறகு முன்பதிவுக்கு என்ன அவசரம்? சைபர்பங்க் 2077 என்ற கேம் வந்தது 2020 டிசம்பர் 10-ல், பிழைகள் தாங்காமல் சில நாட்களிலேயே சோனி அதைத் தன் பிளேஸ்டேஷன் கடையிலிருந்து எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

‘வாங்கு’ என்ற பட்டனை அழுத்தினால் டிஜிட்டல் கடையில் பெரும்பாலும் கிடைப்பது பயன்படுத்தும் உரிமம் மட்டும்தான், பொருள் உங்களுக்குச் சொந்தமாகாது. 2009-ல் உரிமைச் சிக்கல் வந்தபோது, காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் என்ற மின்புத்தகக் கருவியிலிருந்தே அமேசான் சில புத்தகங்களை நீக்கியது. கிடைப்பது உரிமம் மட்டும்தான் என்பதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா 2024-ல் சட்டம் போட்டது. ரொம்பப் பிடித்த படமோ ஆல்பமோ என்றால் டிஸ்க்காகக் கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, பலரும் கவனிக்காதது. தள்ளுபடி நேரத்தில் வாங்கிவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று பெட்டியைப் பிரிக்காமலே வைத்துவிடுகிறார்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு நீங்கள் பிரித்த நாளிலிருந்து எண்ணப்படாது, பெரும்பாலும் கைக்கு வந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். வந்த அன்றே பிரித்து, ஒவ்வொரு போர்ட்டிலும் செருகி, முழுதாக ஒருமுறை சார்ஜ் ஏற்றி இறக்கிப் பாருங்கள். பெட்டியையும் உள்ளே இருந்த அட்டைகளையும் கெடு முடியும் வரை தூக்கிப் போடாதீர்கள்.