பியர் கோழி: கசப்பும் தொளதொளத் தோலும் போன விதம்

அரை கிலோ குஞ்சுக்கோழிக்கு மசாலா தடவி, பியர் ஊற்றி ஓவனில் வைத்தபோது தோல் தொளதொளவென்று ஊறிப்போனது. குழம்பும் கசந்தது.

தோலைக் கெடுத்தது ஈரம். இப்போது 7 கிராம் உப்புடன் மிளகாய்த்தூள், மிளகுத்தூள், சீரகத்தூள் தலா அரை டீஸ்பூன் கலந்து தடவி, மூடாமல் ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். தோல் காய்ந்து காகிதம்போல் ஆகிவிடும். கலவையில் சர்க்கரை வேண்டாம், கோழி வேகும் முன்பே கருகும்.

கசப்பு வந்தது பியரில் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவிலிருந்து. ஆல்கஹாலும் தண்ணீரும் ஆவியாகும், கசப்பு தங்கிவிடும். சுண்டச் சுண்டக் கூடும். முன்பு ஊற்றியது ஒரு முழு பாட்டில், அதுவும் ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏ வகை பியர். இப்போது கசப்பு குறைந்த லாகர் வகை பியர், 150 மில்லி மட்டும். ஓவன் தட்டில் பொன்னிறமாக வதக்கிய வெங்காயத்தைப் பரப்பி, அதன்மேல் கோழியை நெஞ்சுப்பக்கம் மேலாக வைத்து, பியரை ஓரமாக ஊற்ற வேண்டும். தோல்மேல் ஊற்றினால் மசாலா கழுவிப் போய்விடும்.

200 டிகிரி செல்சியஸில் 45 நிமிடம். தொடையின் தடித்த இடத்தில் வெப்பமானி 74 காட்டினால் எடுத்து, 10 நிமிடம் ஆறவிட்டு வெட்டலாம். குழம்பு அப்போதும் லேசாகக் கசந்தால் ஒரு டீஸ்பூன் வெண்ணெய் கலந்தால் போதும்.