மாற்றக் காலத்தில் பாப்டிஸ்ட் சபைச் சங்கம்: வழிநடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் 1707ஆம் ஆண்டு ஐந்து சபைகள் கூடிப் பிலடெல்பியா பாப்டிஸ்ட் சங்கத்தை அமைத்தபோது, தங்களுக்கு மேலே ஓர் ஆளுகையை அவை ஏற்படுத்திக்கொள்ளவில்லை. 1749இல் போதகர் பெஞ்சமின் கிரிஃபித் எழுத, அந்தச் சங்கம் ஏற்றுக்கொண்ட கட்டுரை இதை ஐயமின்றி வரையறுத்தது. ஒவ்வொரு சபையும் தனக்குரிய அதிகாரத்தைக் கிறிஸ்துவிடமிருந்தே முழுமையாகப் பெற்றிருக்கிறது. சங்கம் சபைக்கு மேலான நீதிமன்றம் அன்று. உபதேசத்திலோ ஒழுக்கத்திலோ பிறழ்ந்த சபையோடு அது ஐக்கியத்தை விலக்கிக்கொள்ளலாம். சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷனைச் சார்ந்த சபைகளிடையே இன்று இயங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வட்டாரச் சங்கங்கள் இதே அடிப்படையில்தான் நிற்கின்றன. (நம் ஊரில் கன்வென்ஷன் என்றால் நற்செய்திக் கூட்டம்; அங்கே அது 1845இல் தோன்றிய பேரமைப்பின் பெயர்.) மாற்றக் காலத்தில் தலைவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த அடிப்படையை மறப்பதிலிருந்தே பிறக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

மாற்றம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. 2006இல் 1.6 கோடியைத் தாண்டியிருந்த சதர்ன் பாப்டிஸ்ட் உறுப்பினர் எண்ணிக்கை 2024இல் 1.3 கோடிக்கும் கீழே வந்துவிட்டது. குதிரையில் பயணம் செய்த காலத்து எல்லைகளுக்குள் அமைந்த சங்கங்கள் பல. அவை அளித்துவந்த பயிற்சியையும் பாடநூல்களையும் இன்று மாநில அளவிலான பாப்டிஸ்ட் அமைப்புகளிடமிருந்தோ இணையத்திலிருந்தோ சபைகள் நேரே பெற்றுக்கொள்கின்றன.

இந்த நெருக்கடியில் முதலில் நேரும் தவறு, பேராயரைப்போல் நடந்துகொள்வது. தென்னிந்தியத் திருச்சபையில் ஓர் ஆயரைப் பேராயர் இடமாற்றம் செய்யலாம். பாப்டிஸ்ட் சங்கத் தலைவருக்கு அந்த அதிகாரம் இல்லை. ஆகவே, முழுமையாகத் தீட்டி முடித்த திட்டத்தை ஆண்டுக் கூட்டத்தில் கொண்டுவந்து வைப்பவர், ஒத்துழைப்பைக் கேட்க வேண்டிய இடத்தில் கீழ்ப்படிதலைக் கேட்டுவிடுகிறார்.

பெயரை மட்டும் மாற்றிவிட்டு மாற்றம் நிகழ்ந்துவிட்டதாக எண்ணுவது மற்றொன்று. 'மிஷன் இயக்குநர்' என்று நெடுங்காலம் வழங்கிய பொறுப்புக்கு, சங்கத் தலைவர்களின் அமைப்பே 2018இல் 'மிஷன் உத்தியாளர்' என்ற பொருள்படும் புதிய பெயரைப் பரிந்துரைத்தது. பரிந்துரை நல்லதுதான், ஆனால் பெயர்ப் பலகை மாறிய பிறகும் தலைவரின் வாரம் முன்புபோலவே குழுக் கூட்டங்களிலேயே கழியுமானால், சபைகளுக்கு எந்த வேறுபாடும் தெரியாது.

சிறிய சபைகளைக் கலந்துபேசாமல் விடுவது இவற்றைவிடக் கனமான தவறு. வாரம் முழுவதும் வேறு வேலை செய்து பிழைத்து, ஞாயிறன்று பிரசங்கிக்கும் போதகர்கள் இச்சங்கங்களில் ஏராளம். ஆலோசனைக் கூட்டத்தைச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வைத்தால், யாரும் தடுக்காமலேயே அவர்கள் விலக்கப்பட்டுவிடுகிறார்கள். முழுநேர ஊழியர்கள் பலரைக் கொண்ட பெரிய சபைக்குச் சங்கம் இல்லாமலும் காரியங்கள் நடக்கும். போதகர் நோயுற்றால் பிரசங்கிக்க ஆளில்லாத நாற்பதுபேர் சபைக்குத்தான் அது உண்மையிலேயே வேண்டும்.

அண்டைச் சங்கங்கள் இரண்டை இணைக்கும்போது வரைபடத்தையும் வரவுசெலவையும் மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. ஒரு சங்கம் 'பாப்டிஸ்ட் விசுவாசமும் செய்தியும்' என்ற விசுவாச அறிக்கையின் 1963ஆம் ஆண்டு வடிவத்தையும், மற்றொன்று 2000ஆம் ஆண்டு வடிவத்தையும் ஏற்றிருக்கலாம். போதகர் பணி ஆண்களுக்கே உரியது என்று பிந்தைய வடிவம் சொல்கிறது; முந்தையதில் அவ்வாறு இல்லை. இதை இணைப்புக்கு முன் வெளிப்படையாகப் பேசித் தீர்க்காவிட்டால், பெண் போதகர் உள்ள முதல் சபையின் பெயர் எழும் நாளில் சங்கம் பிளவின் விளிம்பில் நிற்கும். சங்கத்துக்குச் சொந்தமான முகாம் நிலத்தை விற்பதிலும் இதே கவனம் வேண்டும்: பத்திரத்தில் கொடையாளர் விதித்த நிபந்தனைகளைப் படிக்க வேண்டும், அங்கே ஆண்டவரை ஏற்றுக்கொண்டவர்களின் நினைவுகளுக்கும் செவிகொடுக்க வேண்டும்.

வாக்கெடுப்பில் வென்றதும் வேலை முடிந்தது என்று நினைப்பதையே நான் மிக அஞ்சுகிறேன். சங்கக் கூட்டத்துக்குச் சபைகள் அனுப்புவோரைப் பேராளர் என்று சொல்லாமல் தூதர் என்று சொல்வது பாப்டிஸ்ட் வழக்கம். சபை தன் அதிகாரத்தை அவர்களிடம் ஒப்படைத்து அனுப்புவதில்லை. அவர்கள் கையுயர்த்தி நிறைவேற்றிய தீர்மானம் சங்கத்தைக் கட்டுப்படுத்தும், ஆனால் அவர்களை அனுப்பிய சபையைக் கட்டுப்படுத்தாது. சதர்ன் பாப்டிஸ்ட் சபைகள் பொதுவாகக் காணிக்கை சேர்க்க 1925இல் தொடங்கிய கூட்டுறவுத் திட்டத்தின் பணம் மாநில, தேசிய ஊழியங்களுக்கே போகிறது. சங்கமோ ஒவ்வொரு சபையும் தனியே ஒதுக்கித் தரும் பணத்தில் வாழ்கிறது. வாக்கெடுப்பில் தோற்ற சபை எதிர்ப்புக் கடிதம் எழுத வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரியை அடித்துவிட்டால் போதும். காணிக்கை வராததைப் பொருளாளர் கவனிப்பதற்குள் உறவு குளிர்ந்துபோயிருக்கும். எனவே வாக்கெடுப்பு முடிந்த முதல் மாதத்திலேயே தலைவர் செல்ல வேண்டிய இடம், எதிர்த்து வாக்களித்த தூதர்களின் சபைகள்தான். அங்கே திட்டத்தை மீண்டும் விளக்கிக்கொண்டிராமல், அந்தப் போதகரோடு உட்கார்ந்து, இந்த மாற்றத்தால் அவர் எதை இழப்பதாக அஞ்சுகிறார் என்று கேட்டு, அவரோடும் சபையாரோடும் ஜெபித்துவிட்டு வர வேண்டும்.