ஐபாடில் சார்ஜ் நிற்கவில்லையா? பேட்டரியை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

பழைய ஐபாடைத் தூசி தட்டி எடுப்பவர்கள் எல்லோரும் சொல்லும் முதல் புகார், "சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது." உடனே புது பேட்டரிக்கு ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். மாற்றிய பிறகும் மூன்று மணி நேரத்தில் அணைந்துபோனால் புது பேட்டரிதான் போலி என்று திட்டு. பாதி நேரம் குற்றவாளி வேறு. இங்கே சொல்வது 2005-இல் வந்த ஐந்தாம் தலைமுறை ஐபாடை, அதாவது ஐபாட் வீடியோவை வைத்து. 2007 முதல் வந்த ஐபாட் கிளாசிக்குக்கும் பெரும்பாலும் இதுவே பொருந்தும். இரண்டுக்குள்ளும் இருப்பது சுழலும் 1.8 அங்குல ஹார்டு டிஸ்க். சார்ஜ் எங்கே போகிறது என்ற கேள்விக்குப் பாதி பதில் அதில் இருக்கிறது.

முதலில் அளந்து பாருங்கள். திரையில் தெரியும் பேட்டரிப் படத்தை நம்ப வேண்டாம், அது தோராயக் கணக்கு. பொத்தான்களைப் பூட்டும் ஹோல்டு சுவிட்சை ஒருமுறை போட்டு எடுத்துவிட்டு, மெனுவையும் நடுப் பொத்தானையும் சேர்த்து ஆப்பிள் சின்னம் வரும்வரை அழுத்துங்கள். ஆறு முதல் எட்டு விநாடி ஆகும். இந்த ரீசெட்டில் பாட்டு எதுவும் அழியாது. பிறகு நான்கு மணி நேரம் முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். ஈக்யூ (ஒலியின் தன்மையை மாற்றும் ஈக்வலைசர்) ஆஃப், பேக்லைட் ஆஃப், ஒலி பாதி. 128 கேபிபிஎஸ் (ஒரு விநாடிப் பாட்டுக்கு எவ்வளவு தரவு என்ற பிட்ரேட் கணக்கு) எம்பி3 பாட்டுகள் கொண்ட ஓர் ஆல்பத்தை ரிப்பீட்டில் ஓடவிட்டு, தொடாமல் வைத்துவிடுங்கள். எத்தனை மணிக்கு நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

புதிதாக இருந்தபோது 30 ஜிபி மாடலுக்கு ஆப்பிள் சொன்னது 14 மணி நேரம், 60 ஜிபிக்கு 20. முதல் 80 ஜிபி கிளாசிக்குக்கு 30. உங்கள் 30 ஜிபி ஐபாட் இந்தச் சோதனையில் ஒன்பது, பத்து மணி நேரம் பாடினால் பேட்டரியைத் தொடாதீர்கள். கோளாறு பயன்படுத்தும் விதத்தில் இருக்கிறது. ஐந்து மணி நேரத்துக்கும் கீழே போனால் பேட்டரி அல்லது டிஸ்க்.

ஆப்பிளின் மென்பொருளுக்குப் பதிலாக ராக்பாக்ஸ் மென்பொருள் போட்டிருப்பவர்களுக்கு இந்த வேலை இன்னும் சுலபம். அதில் பேட்டரி பெஞ்ச்மார்க் என்ற பிளகின் இருக்கிறது. அதை ஓடவிட்டால் நேரத்தையும் வோல்டேஜையும் தானே ஒரு கோப்பில் எழுதிவைக்கும். நல்ல பேட்டரி 4.2 வோல்ட்டுக்கு அருகில் தொடங்கி, 3.8, 3.7 பக்கம் நெடுநேரம் நின்று, கடைசியில்தான் சரியும். தொடக்கத்திலிருந்தே படிக்கட்டில் உருளுவதுபோல் இறங்கினால் அதன் ஆயுள் முடிந்தது.

பாட்டுக் கோப்பின் அளவும் சார்ஜும்

சோதனையில் நன்றாக ஓடி, அன்றாடத்தில் மட்டும் சீக்கிரம் தீர்ந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஐபாட் பாட்டை டிஸ்கிலிருந்து நேராகப் பாடுவதில்லை. டிஸ்கைச் சுழற்றி, வரப்போகும் பாட்டுகளை மெமரியில் ஏற்றிக்கொண்டு, டிஸ்கை நிறுத்திவிட்டு மெமரியிலிருந்து பாடுகிறது. 30 ஜிபி மாடலில் மெமரி 32 மெகாபைட். அதிலும் ஒரு பங்கு மென்பொருளுக்குப் போய்விடும். 128 கேபிபிஎஸ்ஸில் நான்கு நிமிடப் பாட்டு சுமார் 4 மெகாபைட். ஒருமுறை சுழன்றால் ஐந்தாறு பாட்டுக்கு டிஸ்க் ஓய்வெடுக்கும். அதே பாட்டு சுருக்காத வேவ் கோப்பாக இருந்தால் 40 மெகாபைட். ஒரு பாட்டுகூட முழுதாக மெமரியில் அடங்காது, டிஸ்க் திரும்பத் திரும்ப எழும்ப வேண்டும். 9 மெகாபைட்டுக்குள் கோப்பு இருந்தால் நல்லது என்பது ஆப்பிளே சொன்ன அறிவுரை. முக்கால் மணி நேர ராகம் தானம் பல்லவியை ஒரே கோப்பாக வைத்திருப்பவர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு: 128-இல்கூட அது 43 மெகாபைட்.

ஐடியூன்ஸில் ஐபாடைச் செருகியதும் வரும் சம்மரி பக்கத்தில், அதிக பிட்ரேட் பாட்டுகளை 128 அல்லது 192 கேபிபிஎஸ் ஏஏசியாக (எம்பி3 போன்ற இன்னொரு வடிவம்) மாற்றி ஏற்றும் வசதி இருக்கிறது. கணினியில் மூலக் கோப்பு அப்படியே இருக்கும், ஐபாடுக்கு மட்டும் சிறியது போகும். பேருந்தில் கேட்க 192 போதும் என்பது நம் கட்சி. காது கூர்மையானவர்கள் சண்டைக்கு வரலாம்.

இதே காரணத்தால்தான் பாட்டுக்குப் பாட்டு தாவுவதும் சார்ஜைக் குடிக்கிறது. மெமரியில் ஏற்றியதை எல்லாம் தள்ளிக்கொண்டே போனால் டிஸ்க் மீண்டும் சுழலத்தானே வேண்டும்?

மற்றபடி பேக்லைட் டைமரை ஐந்து விநாடிக்குள் வையுங்கள், ஈக்யூ வேண்டாம்.

சும்மா இருக்கும்போதே காலியானால்

இரவு பாதி சார்ஜ் இருந்தது, காலையில் ஒன்றுமில்லை என்றால் ஹோல்டு சுவிட்சைக் கேளுங்கள். பிளே பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்த பிறகு ஹோல்டு போடாமல் பைக்குள் போட்டால், சக்கரத்தில் எந்தப் பொத்தான் அழுந்தினாலும் ஐபாட் விழித்துக்கொள்ளும். அடியில் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் போன்ற ஏதாவது செருகியிருந்தால் அது ஐபாடின் சார்ஜைத்தான் உறிஞ்சும், கழற்றிவிடுங்கள். தூங்கும் லேப்டாப்பில் செருகிவைப்பதும் தவறு. சார்ஜ் ஏறாது, சில சமயம் இறங்கவும் செய்யும். கீபோர்டில் இருக்கும் யூஎஸ்பி துளைகளுக்குப் போதிய கரண்ட் கிடையாது.

சார்ஜே முழுதாக ஏறாத நிலையும் உண்டு. 30 பின் துளைக்குள் பஞ்சும் அழுக்கும் அடைந்திருக்கும். மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசி, குண்டூசி கூடாது. வேறு கேபிளும் வேறு சார்ஜரும் மாற்றிப் பாருங்கள்.

டிஸ்கா, பேட்டரியா?

பேட்டரிப் படம் பாதி காட்டும்போதே, அடுத்த பாட்டுக்குப் போகும் நொடியில் சட்டென்று அணைகிறதா? கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் மறுபடி சார்ஜ் இருப்பதாகக் காட்டுகிறதா? அது பேட்டரி. டிஸ்க் சுழலத் தொடங்கும் கணத்தில் கரண்ட் நிறைய வேண்டும். வயதான பேட்டரியில் உள் மின்தடை ஏறியிருப்பதால் அந்தக் கணத்தில் வோல்டேஜ் விழுந்துவிடுகிறது.

டிக் டிக் என்று சத்தம், ஒரே பாட்டில் திணறல், பின்பக்கத் தகடு சூடு என்றால் டிஸ்க். கெட்ட இடங்களைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்று சார்ஜைத் தீர்க்கிறது. ரீசெட் செய்து, ஆப்பிள் சின்னம் வந்ததும் நடுப் பொத்தானையும் பின்னோக்கிச் செல்லும் பொத்தானையும் பிடித்தால் பரிசோதனை மெனு வரும். அதில் ஐஓ, ஹார்டு டிரைவ் வழியாக ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பைப் பாருங்கள். ரீஅலாக்ஸ் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்), பெண்டிங் செக்டார்ஸ் (சந்தேகத்தில் இருக்கும் இடங்கள்) என்ற வரிகளில் பெரிய எண் இருந்தால் புது பேட்டரி வீண் செலவு. டிஸ்குக்குப் பதில் எஸ்டி கார்டு பொருத்தும் பலகை போடலாம். சுழலும் பாகமே இல்லாததால் சார்ஜும் மிச்சம்.

பேட்டரி மாற்றும்போது

ஐபாட் வீடியோவில் 30 ஜிபிக்கும் 60, 80 ஜிபிக்கும் பேட்டரியின் தடிமன் வேறு, பார்த்து வாங்குங்கள். அதே தடிமனில் இரண்டு மடங்கு எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவு) என்று எழுதியிருந்தால் அது ஸ்டிக்கருக்கு மட்டும். லித்தியம் பேட்டரி பெட்டிக்குள் கிடந்தாலும் வயதாகும் என்பதால் தயாரித்த தேதியைக் கேளுங்கள்.

ஹோல்டு போட்டுவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் நெம்புகோலை முன்பலகைக்கும் உலோக முதுகுக்கும் இடையே நுழைத்துச் சுற்றிலும் கொக்கிகளை விடுவியுங்கள். இரும்பு ஸ்க்ரூடிரைவர் ஓரத்தை நெளித்துவிடும். கிளாசிக்கில் முன்பக்கமும் உலோகம், பொறுமை இரட்டிப்பாக வேண்டும்.

கொக்கிகள் விட்டதும் வெடுக்கென்று பிரிக்காதீர்கள். பேட்டரி முதுகில் ஒட்டியிருக்கும், அதன் ரிப்பன் (தட்டையான வயர்) சர்க்யூட் பலகையில் இருக்கும். ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் திறந்து, ரிப்பனைப் பிடித்திருக்கும் பழுப்புத் தாழ்ப்பாளை நகத்தாலோ நெம்புகோலாலோ கொஞ்சம் மேலே தூக்கி ரிப்பனை உருவுங்கள். இந்தத் தாழ்ப்பாளைப் பிய்த்துத்தான் பலரும் பலகையையே வீணாக்குகிறார்கள். பிறகு புத்தகம்போல் விரிக்கலாம். ஹெட்போன் ரிப்பன் இன்னும் இரண்டு பாதியையும் இணைத்தபடி இருக்கும், அதை இழுக்க வேண்டாம்.

பழைய பேட்டரியைப் பசையிலிருந்து தட்டையாக நெம்பி எடுங்கள், வளைக்கக் கூடாது. உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ செய்யாதீர்கள், தீப்பிடிக்கும். குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். புது ரிப்பனைச் செருகித் தாழ்ப்பாளை அழுத்தியதும், மூடுவதற்கு முன்பே சார்ஜரில் போட்டுப் பாருங்கள். ஏறுகிறது என்று தெரிந்தால் மூடி, நான்கு மணி நேரம் விட்டு, முதலில் செய்த அதே சோதனையை அதே ஆல்பத்தோடு திரும்பச் செய்யுங்கள்.