ஹிமாலயன் 411-க்குப் பின்பக்கம் 130 டயர் போடுவது எப்படி?

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் வைத்திருப்பவர்களில் பலருக்கு, பின் டயர் தேய்ந்ததும் வரும் யோசனை ஒன்று உண்டு: இந்த முறை கொஞ்சம் அகலமாகப் போட்டால் என்ன? 2023 கடைசியில் வந்த ஹிமாலயன் 450-இன் பின்னால் 140/80 டயரைப் பார்த்த பிறகு அந்த ஆசை இன்னும் கூடிவிட்டது. ஆனால் 450-இன் ரிம், ஸ்விங்ஆர்ம் (பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை போன்ற சட்டம்) எல்லாம் அந்த டயருக்கென்றே செய்யப்பட்டவை. 411-இல் கம்பெனி கொடுத்தது 120/90-17. அதிலிருந்து ஒரு படி மட்டும் ஏறி 130/80-17 போடலாம். அதற்கு மேல் போகாதீர்கள் என்பதே என் கருத்து. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வாங்கும் முன்: எதற்காக இந்த மாற்றம்?

"அகல டயர் போட்டால் பிடிப்பு கூடும்" என்று கடையில் சொல்வார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். டயர் தரையில் பதியும் பரப்பு பெரும்பாலும் வண்டியின் எடையையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தையும் பொறுத்தது. 130 போட்டால் அந்தப் பரப்பின் வடிவம் மாறும், அளவு பெரிதாகக் கூடாது. தாங்கும் எடையும் கொஞ்சம்தான் கூடும். டயரின் பக்கவாட்டில் 64 என்ற எண் இருந்தால் 280 கிலோ தாங்கும், 65 என்றால் 290 கிலோ.

உண்மையான ஆதாயம், தேர்வு செய்ய நிறைய டயர்கள் கிடைப்பதில் இருக்கிறது. 130/80-17 உலகம் முழுக்கப் புழங்கும் அளவு. கவாசாகி கேஎல்ஆர் 650 பல வருடங்களாக இதே பின் டயரோடும், நம் 411-இல் உள்ள அதே 90/90-21 முன் டயரோடும்தான் ஓடுகிறது. அதனால் தார் சாலைக்கு ஒன்று, மண் பாதைக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று என்று நல்ல பட்டன்கள் (டயரின் மேல்பரப்பில் துருத்தி நிற்கும் கட்டைகளின் வடிவங்கள்) இந்த அளவில் கிடைக்கின்றன. உங்களுக்குப் பிடித்த டயர் 120/90-லேயே கிடைத்தால், அதையே போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். அகல டயர் வண்டியை வளைவில் சாய்க்கும்போது கொஞ்சம் மந்தமாக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அது கையில் நன்றாகவே தெரியும்.

அளவைக் கணக்குப் போடுங்கள்

120/90-17 என்பதில் 120 அகலம், மில்லிமீட்டரில். 90 என்பது அந்த அகலத்தில் 90 சதவீதம் பக்கவாட்டு உயரம், அதாவது 108 மி.மீ. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அது 431.8 மி.மீ. மேலும் கீழும் 108 சேர்த்தால் டயரின் முழு விட்டம் 647.8 மி.மீ. இதே மாதிரி 130/80-17-க்குப் போட்டால் 639.8 வரும். 8 மி.மீ. குறைவு, 1.2 சதவீதம்தான். பின்பக்கம் வெறும் 4 மி.மீ. இறங்கும். கியர் விகிதத்தில் நீங்கள் உணரும்படி எதுவும் மாறாது.

130/90-17 பக்கம் போக வேண்டாம். அதன் விட்டம் 665.8 மி.மீ. பின்பக்கம் 9 மி.மீ. தூக்கும், மட்கார்டையும் நெருங்கும்.

ரிம்மைப் பாருங்கள்

டயரை விட ரிம்தான் முடிவெடுக்கிறது. ரிம்மில் 17-க்குப் பக்கத்தில் 2.50 போன்ற ஓர் எண் அடித்திருக்கும். அதுதான் ரிம்மின் உள் அகலம், அங்குலத்தில். நீங்கள் வாங்கப் போகும் டயருக்கு எந்த ரிம் அகலங்கள் பொருந்தும் என்று டயர் கம்பெனியே அட்டவணை வெளியிட்டிருக்கும். உங்கள் ரிம்மின் எண் அதற்குள் இல்லையென்றால் அந்த டயரை விட்டுவிடுங்கள். குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் இரண்டு பக்கமும் உள்ளே இழுக்கப்பட்டு, நடுப்பகுதி உருண்டையாகத் தூக்கிக்கொள்ளும். நேரே போகும்போது நடுவில் ஒரு பட்டை மட்டும் தேயும். 140-ஐ நான் வேண்டாம் என்பது முதலில் இதனால்தான், அப்புறம் இடைவெளியால்.

ரிம் அரை அங்குலம் குறைந்தால் டயரின் நிஜ அகலம் சுமார் 5 மி.மீ. குறையும். 130 என்ற அளவு 3 அங்குல ரிம்மில் வைத்து அளந்தது என்றால், 2.50 ரிம்மில் அது 125 பக்கம் நிற்கும்.

இன்னொன்று: எண்களுக்கு நடுவே கோடு இருந்தால் சாதாரண டயர், ஆர் என்ற எழுத்து இருந்தால் ரேடியல். முன்னால் சாதாரணம், பின்னால் ரேடியல் என்று கலக்காதீர்கள், டயர் கம்பெனியே அந்த ஜோடியைப் பரிந்துரைத்தால் ஒழிய. தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள தயாரிப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 3524 என்றால் 2024-இன் 35-ஆவது வாரம்.

இடைவெளியை அளங்கள்

இந்த வேலைக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள், அவசரப்பட வேண்டாம். பழைய டயர் வண்டியில் இருக்கும்போதே மூன்று இடங்களை அளந்து எழுதி வையுங்கள்: இடதுபுறம் செயினுக்கும் டயருக்கும் நடுவே, இரண்டு பக்கமும் ஸ்விங்ஆர்முக்கும் டயருக்கும் நடுவே, முன்பக்கம் ஸ்விங்ஆர்மின் குறுக்குச் சட்டத்துக்கும் டயருக்கும் நடுவே. டயர் ஒரு பக்கத்துக்கு 5 மி.மீ. அகலமாகப் போகிறது என்று வைத்துக் கழியுங்கள். மிச்சம் 8 மி.மீ. இல்லாவிட்டால் நான் போட மாட்டேன். வேகத்தில் டயர் கொஞ்சம் விரியும், செயின் பக்கவாட்டில் ஆடும், சேறு ஒட்டும்.

குறுக்குச் சட்டத்தை அளக்கும்போது ஆக்சில் (சக்கரத்தின் நடுவே போகும் தண்டு) எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பழைய செயின் நீண்டிருந்தால் சக்கரம் பின்னால் தள்ளி இருக்கும், இடைவெளி தாராளமாகத் தெரியும். புதுச் செயின் போட்ட அன்று சக்கரம் முன்னால் வந்துவிடும். அந்த நிலைக்குக் கணக்குப் போடுங்கள்.

சக்கரத்தைக் கழற்றுதல்

வண்டி தரையில் நிற்கும்போதே ஆக்சில் நட்டை லேசாக இளக்கிவிடுங்கள். பிறகு சென்டர் ஸ்டாண்டு. செயின் அட்ஜஸ்டரை இரண்டு பக்கமும் ஒரே சுற்று எண்ணிக்கையில் தளர்த்தி, சக்கரத்தை முன்னால் தள்ளி, செயினை ஸ்ப்ராக்கெட்டிலிருந்து எடுத்து ஓரமாக விடுங்கள். ஆக்சிலை உருவும் முன் இரண்டு பக்கமும் போனில் படம் எடுங்கள். எந்த ஸ்பேசர் (ஆக்சிலில் இடைவெளிக்காக வரும் வளையம்) எந்தப் பக்கம் என்பது மாலையில் மறந்துபோகும்.

பிரேக் காலிப்பரை (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) அதன் குழாயில் தொங்கவிடாமல் கயிற்றால் கட்டி வையுங்கள். சக்கரம் வெளியே இருக்கும்போது பின் பிரேக்கை மிதிக்கவே கூடாது. ஏபிஎஸ் வண்டி என்றால் சென்சார் ஒயரை இழுக்காதீர்கள்.

டயரை மாற்றுதல்

பஞ்சர் கடையில் கொடுத்தாலும் பக்கத்தில் நின்று பாருங்கள். சக்கரத்தை டிஸ்க் தரையில் படும்படி படுக்கவைக்கக் கூடாது. அடியில் ஒரு பழைய டயரைப் போடுங்கள்.

எல்லாச் சூட்சுமமும் ரிம்மின் நடுவில் ஓடும் பள்ளத்தில் இருக்கிறது. லீவர் வைத்து நெம்பும் இடத்துக்கு நேர் எதிரே, முழங்காலால் டயர் விளிம்பை அந்தப் பள்ளத்துக்குள் அழுத்திப் பிடியுங்கள். அப்போது இந்தப் பக்கம் சில மில்லிமீட்டர் தளர்வு கிடைக்கும், லீவர் சுலபமாக ஏறும். எதிர்ப்பக்கம் பள்ளத்தில் இல்லாமல் பலத்தைக் காட்டினால் ரிம் நெளியும், இல்லையென்றால் ட்யூப் கடிபடும். சிறிது சிறிதாக, சோப்புத் தண்ணீர் தடவி நெம்புங்கள்.

டயர் வெளியே வந்ததும் ஸ்போக் முனைகளை மூடும் ரிம் டேப்பைப் பாருங்கள். கிழிந்திருந்தால் மாற்றுங்கள். ட்யூபும் புதிதாக, 130/80-17 என்று அதிலேயே எழுதியதாக வாங்குங்கள்.

புது டயரின் பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி சக்கரம் உருளும் திசையைக் காட்டும். வண்ணப் புள்ளி இருந்தால் அதை வால்வுக்கு நேரே வையுங்கள். ட்யூபில் வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று அடித்து, டால்க் பவுடர் தூவி உள்ளே நுழைத்துவிடுங்கள். வால்வு இருக்கும் இடத்தைக் கடைசியில் ஏற்றுவது நல்லது. அந்த இடத்தில் வால்வை உள்ளே தள்ளிவிட்டு விளிம்பை ஏற்றினால் ட்யூப் சிக்காது.

இப்போது காற்று ஏற்றுங்கள், டயரில் எழுதியிருக்கும் அதிகபட்ச அளவைத் தாண்டாமல். இரண்டு முறை 'டப்' என்று சத்தம் கேட்கும். பிறகு ரிம்முக்குச் சற்று மேலே டயரைச் சுற்றி ஓடும் மெல்லிய கோட்டைப் பாருங்கள். ரிம்மிலிருந்து அது எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் உள்ளே புதைந்திருந்தால் காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் விட்டு மறுபடி ஏற்றுங்கள். அப்படியே விட்டால் 60 கி.மீ. வேகத்தில் வண்டி குதிக்கும்.

திரும்பப் பொருத்துதல்

சக்கரத்தின் நடுப்பாகமான ஹப்பில் இருக்கும் ரப்பர்களைப் பார்த்து, ஆக்சிலில் கிரீஸ் தடவி, கழற்றிய வரிசைக்கு எதிர் வரிசையில் மாட்டுங்கள். ஸ்விங்ஆர்மின் இரண்டு பக்கமும் உள்ள அளவுக் கோடுகளில், ஆக்சில் ஒரே அளவில் நிற்கட்டும். செயின் தொய்வையும் ஆக்சில் இறுக்கத்தையும் கையேட்டில் உள்ளபடி வையுங்கள், இறுக்கத்துக்கு டார்க் ரென்ச் (எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) வேண்டும். ஓட்டும் முன் பிரேக் மிதியைக் கெட்டியாகும்வரை பலமுறை மிதித்துப் பாருங்கள்.

சக்கரத்தைக் கையால் சுற்றி, முன்பு அளந்த மூன்று இடங்களையும் மறுபடி அளங்கள். நான்காவதாக ஒன்று இருக்கிறது. 411-இன் பின் சஸ்பென்ஷன் 180 மி.மீ. வரை அமுங்கும். அப்போது டயர் மட்கார்டைத் தொடுகிறதா என்று நின்ற இடத்தில் தெரியாது. மட்கார்டின் அடியில், டயருக்கு நேர் மேலே, பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை ஒரு கட்டைவிரல் கனத்துக்கு ஒட்டுங்கள். பின்னால் ஆளும் பையும் ஏற்றி, வேகத்தடைகள் உள்ள தெருவில் மெதுவாக ஒரு சுற்று போங்கள். இறங்கிப் பார்க்கும்போது களிமண்ணில் பட்டன் அச்சு இருந்தால் இந்த டயர் உங்கள் வண்டிக்கு ஆகாது.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பதிவுச் சான்றிதழில் கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. வாரண்டி இருந்தால் டயர் மாற்றும் முன்பே சர்வீஸ் சென்டரிலும், இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

புது டயரின் மேல்பரப்பு வழுவழுவென்று இருக்கும். முதல் 150 கி.மீ. வரை அதிகமாகச் சாய்க்காமல், திடீர் பிரேக் அடிக்காமல் ஓட்டுங்கள். அது முடிந்ததும் ஆக்சில் நட், செயின் தொய்வு, காற்று மூன்றையும் மறுபடி பாருங்கள். ஸ்போக்குகளை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி. மொத்தையாகச் சத்தம் வந்தால் அந்த ஸ்போக் தளர்ந்திருக்கிறது, டூர் கிளம்பும் முன் இறுக்கிவிடுங்கள்.