புகை குறைந்த விறகடுப்பைத் தேடியபோது

கிளிநொச்சியில் எங்கள் குசினிக் கூரைத்தகரம் கரிபிடித்துக் கறுத்திருந்ததை நான் பல வருடங்களாகப் பொருட்படுத்தவில்லை. மாரியில் அம்மாவின் இருமல் இரவிலும் ஓயாதபோதுதான் அடுப்பை மாற்ற எண்ணினேன். முதலில் வாங்கிய தகர அடுப்பு பார்வைக்கு அழகாக இருந்தபோதும், விறகு வாய் மிக அகலமாகவும் அடியில் காற்றுப் புக வழியின்றியும் இருந்ததால், பழைய மூன்று கல் அடுப்பைவிட அதிகமாகப் புகைத்தது. அது வீண்செலவு.

பின்னர், இலங்கையில் பலரும் அறிந்த அனகி எனப்படும் இரட்டை மண் அடுப்பை வாங்கி, சுற்றிலும் களிமண் குழைத்துப் பூசினேன். ஒரே தீயில் முன்னால் சோறும் பின்னால் கறியும் வேகின்றன. சுவாலை சிதறாமல் பானையின் அடியைத் தொடுவதால் விறகும் மிச்சமாகிறது.

ஆனாலும் புகை முற்றாக நீங்கவில்லை. பாலை மரக் கொள்ளியொன்றின் வெட்டுமுனையில் நீர் நுரைத்துச் சீறியதைக் கண்ட பின்னரே, குறை விறகில் என்பது விளங்கியது. ஈர விறகில் வெப்பத்தின் ஒரு பங்கு நீரை ஆவியாக்கவே செலவாகி, தீ குளிர்ந்து, மரத்திலிருந்து வெளிவரும் வாயுக்கள் எரியாமல் புகையாகின்றன. ஈரப்பதன் 20 சதவீதத்துக்குக் குறைவாக இருப்பது நல்லது என்பதால், வைகாசி வெயிலிலேயே விறகைப் பிளந்து காயவைத்து, மழை படாத தாழ்வாரத்தில் அடுக்கிவிடுகிறேன். கூரை முகட்டின் கீழும் புகை போக இடைவெளி விட்டிருக்கிறேன். “தம்பி, வாய் நிறையக் கொள்ளி திணிக்காதை” என்று அம்மா இப்போதும் எச்சரிப்பார்.