‘மகன்’ அடித்தால் ‘மக்கன்’: லீனியர் சுவிட்ச் பிழையும் திருத்தமும்

என் விசைப்பலகையின் கேற்றரோன் மஞ்சள் லீனியர் சுவிட்ச் (இடையில் தட்டாமல் நேராக இறங்கும் விசை) 70ஐயும் கழற்றி, கிறைற்றொக்ஸ் 205ஜி0 கிறீஸ் பூசிப் பூட்டினேன். சத்தம் அருமையாக இறங்கியது. அடுத்த நாளே தமிழ்99 தட்டச்சு முறையில் ‘மகன்’ அடித்தால் ‘மக்கன்’ வந்தது. அந்த முறையில் ‘க’ இரண்டு தரம் விழுந்தால் புள்ளி தானாக ஏறிவிடும். அதனால் என் எழுத்துப்பிழை என்றே நினைத்தேன்.

விசைப்பலகைக்குள் ஓடும் கியூஎம்கே நிரலில் டிபவுன்ஸ் (தொடுகை அதிர்ந்து இரட்டை அழுத்தமாகப் பதியாமல் காக்கும் நேரம்) 5 மில்லிசெக்கனை 10 ஆக்கினேன், இரட்டிப்புக் குறைந்தது, நிற்கவில்லை. யாழ்ப்பாணத்து உப்புக்காற்றில் சுவிட்ச் செருகும் சொக்கெற் கறுத்திருக்கும் என்று அதையும் துடைத்தேன். மூன்று நாள் வீண்.

பிறகு அந்தக் ‘க’ சுவிட்சைப் பக்கத்து ‘ப’ இடத்துக்கு மாற்றினேன். ‘கபம்’ ‘கப்பம்’ ஆனது! பிழை சுவிட்சோடு நகர்ந்தது, விசைப்பலகையின் சுற்றுப்பலகையில் குறையில்லை.

சுவிட்சைத் திறந்தால், அழுத்தும்போது உள்ளே இறங்கும் தண்டின் இரண்டு கால்களிலும் கிறீஸ் தடிப்பாக இருந்தது. அந்தக் கால்கள்தான் உலோகத் தகட்டைத் தள்ளி வைப்பவை. அங்கிருந்து கிறீஸ், தகடுகள் தொட்டு மின்சாரம் பாயும் தொடுபுள்ளிக்குப் போயிருந்தது. பாமசியில் வாங்கிய ஐசோபுறொப்பைல் அல்ககோல் விட்டேன். காய்ந்ததும் வெள்ளைப் படலம் அப்படியே. இந்தக் கிறீஸ் அல்ககோலில் கரையாது, துடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

தண்டை எடுத்தால் தகடுகள் தாமாக ஒட்டிக்கொள்ளும். அதற்குள் 3 மில்லிமீற்றர் அகலக் கடதாசித் துண்டைச் செருகி, தகடு வளையாமல் நேராக இழுத்தேன். முதல் துண்டில் மங்கிய வெள்ளைக் கோடு. நாலாவது சுத்தமாக வந்தது. அதோடு இரட்டிப்பு நின்றது.

இப்போது தண்டின் பக்கங்களிலும் அடிப்பெட்டியில் அது ஓடும் தடங்களிலும் மெல்லிய படலம் மட்டும். கால்களில் பூசுவதேயில்லை. ஸ்பிறிங்குக்கு கிறைற்றொக்ஸ் 105 எண்ணெய்.