கிரிப்டோ பரிமாற்றத்தில் அந்தரங்கம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிட்காயின் பரிமாற்றத்தில் யாருடைய பெயரும் பதிவாவதில்லை. ஆனால் எந்த முகவரியிலிருந்து (காயின்களைப் பெறவும் அனுப்பவும் உதவும், கணக்கு எண் போன்ற எழுத்துத் தொடர்) எந்த முகவரிக்கு எவ்வளவு, எப்போது போனது என்ற விவரம் 2009 ஜனவரியில் உருவான முதல் பிளாக்கிலிருந்து (பரிமாற்றப் பதிவுகளின் தொகுப்பு) இன்றுவரை எல்லோர் பார்வைக்கும் திறந்தே கிடக்கிறது. ஒரே ஒரு முகவரி உங்களுடையது என்று தெரிந்துவிட்டால் போதும், அதைத் தொட்ட பழைய கணக்குகளும் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ளும்.

2016 ஆகஸ்டில் பிட்ஃபினெக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சிலிருந்து (கிரிப்டோ வாங்கி விற்கும் சந்தை) ஏறத்தாழ 1,19,000 பிட்காயின்கள் களவுபோயின. 2022 பிப்ரவரியில் அமெரிக்க அரசு அவற்றில் சுமார் 94,000 காயின்களைக் கைப்பற்றியது. இடைப்பட்ட ஆண்டுகளில் திருடியவர்கள் பணத்தைப் பல முகவரிகள் வழியாகச் சுற்றவிட்டார்கள். அதில் ஒரு பகுதி கடைசியில் அவர்கள் சொந்தப் பெயரில் வைத்திருந்த கணக்குகளுக்கு வந்து சேர்ந்தது. அவர்களை அடையாளம் காண பிட்காயினின் மறையாக்கத்தை யாரும் உடைக்கத் தேவைப்படவில்லை.

திருடர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கிரிப்டோவில் சம்பளம் வாங்குபவர் ஒரே முகவரியைப் பயன்படுத்தினால், அவரிடமிருந்து ஒரு சிறு தொகையைப் பெற்றவர்கூட அவருடைய இருப்பு முழுவதையும் பார்க்கலாம். காயின் வைத்திருப்பவரை வீடு தேடிப்போய் மிரட்டிப் பறித்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. வரி அலுவலகத்துக்குக் கணக்குக் காட்டுவது வேறு, ஊரார் எல்லோருக்கும் காட்டுவது வேறு.

ஒரே முகவரியைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதுதான் முதல் தவறு. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் புதிய சாவி இணை (ஒரு முகவரியையும் அதிலிருந்து செலவழிக்கும் உரிமையையும் தரும் இரண்டு எண்கள்) வேண்டும் என்று பிட்காயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோ 2008-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார். இந்தச் சாவிகளை வைத்திருக்கும் செயலிகளான இன்றைய வாலட்கள் பலவும் புதிய முகவரியைத் தாமாகவே தருகின்றன. பழையதை எங்காவது எழுதி வைத்துக்கொண்டு அதையே கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் நாம்தான்.

அதைவிட நுட்பமானது, காயின்களைக் கலந்து செலவழிப்பது. என் பார்வையில் மிக அதிகக் கேடு செய்யும் தவறு இதுவே. புனைபெயரில் எழுதும் ஒருவருக்கு வாசகர்கள் அனுப்பிய 0.03 பிட்காயின் ஒரு முகவரியில் இருக்கிறது. அடையாளச் சான்று கொடுத்து எக்ஸ்சேஞ்சில் வாங்கிய 0.05 இன்னொரு முகவரியில் இருக்கிறது. அவர் 0.07 செலுத்தும்போது வாலட் இரண்டையும் சேர்த்து எடுக்கிறது. இரண்டும் ஒருவருடையவை என்பது அந்த நொடியில் பொதுப் பதிவாகிவிடுகிறது. புனைபெயருக்குப் பின்னால் இருப்பவரைச் சொல்ல எக்ஸ்சேஞ்சின் பதிவேடு போதும். மீதிச் சில்லறை திரும்பி வரும் முகவரியும் அதே சங்கிலியில் சேர்கிறது. எந்தக் காயினைச் செலவழிப்பது என்று நாமே தேர்ந்தெடுக்கும் வசதி நல்ல வாலட்களில் உண்டு. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று குறித்துவைத்து, வெவ்வேறு இடத்திலிருந்து வந்தவற்றைத் தனித்தனியாகச் செலவழியுங்கள். முன்பின் தெரியாதவர் அனுப்பிய துளித்தொகை வந்திருந்தால் அதைத் தொடாமல் முடக்கி வையுங்கள். மற்ற காயின்களோடு அது சேரட்டும் என்று காத்திருந்து வேவு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

எத்திரியம் என்ற இன்னொரு கிரிப்டோ வலையமைப்பில் நிலைமை இன்னும் மோசம். பெரும்பாலோர் டோக்கன், என்எஃப்டி (டிஜிட்டல் பொருளின் உரிமைச் சான்று), கடன், வாக்கு எல்லாவற்றுக்கும் ஒரே முகவரியைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதோடு தங்கள் பெயரில் முகவரிக்குப் பதிலாகப் பயன்படும் ஒரு .இடிஹெச் (.eth) பெயரையும் இணைத்துவிட்டால் தேடுபவருக்கு வேலையே இல்லை.

பிளாக்செயின் என்ற இந்தப் பொதுப் பதிவேட்டுக்கு வெளியிலும் கசிவு உண்டு. கைபேசி வாலட்கள் பலவும் இருப்பை அறிய வேறொருவரின் சர்வரைத்தான் கேட்கின்றன. உங்கள் முகவரிகளும் ஐபி எண்ணும் சேர்ந்தே அங்கே போகின்றன. சொந்த நோடு (பதிவேட்டின் முழுப் பிரதியை வைத்திருக்கும் கணினி) நடத்தினால் இது நடக்காது; ஐபி எண்ணை மறைக்கும் டோர் வலையமைப்பு வழியாக இணைந்தால் அந்த எண்ணாவது போகாது. கணக்குப் பார்க்கும் செயலிகளுக்கு எக்ஸ்பப் (xpub) என்ற பொதுச் சாவியைக் கொடுத்தால், அந்தக் கணக்கின் பழைய முகவரிகள் மட்டுமல்ல, இனி உருவாகப்போகும் முகவரிகளும் அவற்றை நடத்துபவர்களுக்குத் தெரியும். 2020-இல் வாலட் கருவிகள் விற்கும் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் கசிந்தபோது சுமார் 2,70,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் வெளியே வந்தன. கருவி பத்திரமாக இருந்தது, வாங்கியவர்கள் அம்பலமானார்கள்.

பரிமாற்றத்தை மறைக்கும்படி அமைந்த அந்தரங்கக் காயின் வாங்கிவிட்டால் கவலை இல்லை என்ற நினைப்பும் தவறு. இசட்கேஷில் மறைக்கப்பட்ட முகவரிகளோடு வெளிப்படையான முகவரிகளும் இருக்கின்றன. பின்னதைப் பயன்படுத்தினால் பிட்காயினுக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. மொனேரோவில் அனுப்புபவர், பெறுபவர், தொகை மூன்றும் இயல்பாகவே மறைகின்றன. ஆனால் ஒரு தொகையை மொனேரோவாக மாற்றிச் சில நிமிடங்களில் அதே தொகையைத் திரும்ப பிட்காயினாக்கினால், நேரமும் தொகையும் சேர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். பலரின் காயின்களைக் கலந்து தடத்தை மறைக்கும் மிக்சர்களை நாடுமுன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். டொர்னேடோ கேஷ் என்ற மிக்சரை 2022 ஆகஸ்டில் தடைப்பட்டியலில் சேர்த்த அமெரிக்கா 2025 மார்ச்சில்தான் நீக்கியது. மிக்சர் வழியாக வந்த காயின்களை எக்ஸ்சேஞ்ச்கள் முடக்கிவைப்பதும் உண்டு.

ஏற்கெனவே இணைந்துபோன முகவரிகளின் பதிவை இனி மாற்ற முடியாது. அவற்றை வெளிப்படையான கணக்காகவே வைத்துக்கொள்ளுங்கள். இனி வருவதற்கு வேறு விதைச்சொற்களில் (வாலட்டின் சாவிகளை உருவாக்கும் சொற்தொடர்) புதிய வாலட் தொடங்குங்கள்; பழையதிலிருந்து கட்டணத்துக்காகக்கூட ஒரு காயினையும் அதற்கு அனுப்பாதீர்கள்.